ஹெரால்டைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தஞ்சாவூரில் வேலை கிடைத்த சேதியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கடலை பிடுங்குகிற நேரம், ஆள் கிடைப்பதுதான் பாடு.

நீ வாங்க நினைக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இங்கே பக்கத்துச் சித்தூருக்குப் போய்ப் பார்த்தேன். 1970 மாடல், நான்கு கதவு. பெயிண்டில் கை வைத்துக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீ கொடுக்கப்போகும் பணம் அதற்கு அடியில் இருக்கும் தகரத்துக்கும், சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும்தான்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் பாடியும் சேஸிஸும் ஒன்று. மெட்ராஸில் செய்த இந்த வண்டியில் சேஸிஸ் தனி, அதன்மேல் பாடியை போல்ட்டு போட்டு மாட்டியிருப்பார்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் துருவுக்கு முதல் இரை. அவை இற்றுப்போனால் பாடி தொய்ந்துவிடும், கதவின் இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகக் காட்டிக்கொடுக்கும். டிரைவர் பக்கப் பின்கதவு அப்படித்தான் இருக்கிறது. அதன் கீழே துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. தகரம் இற்ற இடத்தை மறைக்கப் பட்டி மாவைக் கனமாகப் பூசியிருக்கிறார்கள். முன்பக்கம் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் புதுத் தகரம், சுத்தமான வெல்டிங். ஒரே வண்டியில் இரண்டு விதமான வேலை!

வண்டியைப் புதுப்பிக்க ஆறு லட்சம் செலவழித்ததாக உடையவர் சொல்கிறார். பெயிண்ட் உரித்தபோது எடுத்த போட்டோ கேட்டேன், இல்லை. பில்லும் பாதிதான் இருக்கிறது. காட்ட முடியாத செலவுக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சோக் இழுத்ததும் பிடித்துக்கொண்டது, ஆயில் எரிவதைக் காட்டும் நீலப்புகை இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டின் உள்ளேயும் வண்டல் படிந்திருக்கிறதா என்று தேடுவேன், இதில் இல்லை. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றன. வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம் என்றிருப்பேன்.

வின்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஆசை காட்டுவார். 2021 விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான். நீயோ பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்கிறாய். உனக்குச் சாதாரண ஆர்.சி. போதும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் சரி. இங்கிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடு.

ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? பொள்ளாச்சியில் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம். சேஸிஸின் கைகளை மாற்றப் பாடியைக் கழற்ற வேண்டுமென்றால், அந்தக் கூலியை அங்கேயே கேட்டு விலையில் கழிக்கச் சொல்வோம். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
கதிர்வேல்