ஒரே ஒரு கோடைக்காலம்

ஆசிரியருக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் அபூர்வமாக பேஸ்பால் செய்தி பார்த்ததும் மார்க் ஃபிட்ரிச் நினைவு வந்தது. 1976-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குப் பந்தெறிய வந்தபோது அவருக்கு வயது 21. பந்தோடு பேசுவார். பந்தெறிபவர் நிற்கும் மண்மேட்டில் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணைச் சமன் செய்வார். சுருட்டை முடி, நெட்டை உருவம், பட்டப்பெயர் 'பறவை'. கோமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பருவத்தில் பந்தெறிபவராக அவர் கணக்கில் 19 வெற்றி, 9 தோல்வி. அதைவிட, 24 ஆட்டங்களை மாற்று ஆளே இல்லாமல் கடைசிவரை தானே எறிந்து முடித்தார். இன்றைக்கு ஒரு பிட்சர் (பந்தெறிபவர்) ஆண்டுக்கு இரண்டு, மூன்று முடித்தாலே பெரிய விஷயம்.

எனக்கு உறுத்துவது அந்த 24-தான். புது ஆளை இப்படியா பிழிவது?

அடுத்த ஆண்டு பயிற்சி முகாமில் முழங்கால் போனது, அப்புறம் தோள். 1980-க்குப் பிறகு பெரிய லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டிகளில், அவர் இல்லை. மொத்தமே 29 வெற்றிகள். தோளில் தசைநார் கிழிந்திருப்பதை மருத்துவர் கண்டுபிடித்ததோ 1985-இல்! சரி, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் பண்ணை பார்த்தார், டிரக் ஓட்டினார். 2009-இல் அந்த டிரக்கின் அடியில்தான் இறந்து கிடந்தார்.

— ஒரு வாசகர், மதுரை