இஸ்திரி வண்டி அண்ணாவுக்கு

புது வீட்டுச் சாவி கைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை, சாமான் எல்லாம் மூட்டையாகவே கிடக்கிறது. இதை எழுதிவிட்டுத்தான் பிரிப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து அங்கிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. அன்று ராத்திரி எங்கள் பிளாக்கில் ஆளாளுக்கு டார்ச் அடித்து அவரவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபதுகளில் கட்டிய கட்டடம், கம்பி வெளியே தெரியும் கூரை. அதற்கப்புறம் காலி செய்தது, இடித்தது, புதிதாகக் கட்டியது என்று நடந்ததையெல்லாம் இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

கணக்கெடுப்பின்போது கூடவே நின்ற சங்கத்து அக்காமார்கள், எங்களுக்காக மனு எழுதித் தந்த வக்கீல் தம்பி, பிள்ளைகளுக்கு டியூஷனை நிறுத்தாத கல்லூரிப் பெண்கள், வீடு ஒதுக்கும் குலுக்கலில் மேல்மாடி விழுந்த ஒரு பாட்டிக்குத் தன் தரைத்தள வீட்டை மாற்றிக் கொடுக்கக் கேட்டு அலைந்த குடும்பம் என எல்லோருக்கும் நன்றி.

ஆனால் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் இஸ்திரி வண்டி அண்ணா.

வீட்டைக் காலி செய்த நாளில் அவர் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். சாமான் ஏற்றிய ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, "எங்க போறீங்க?" என்று கேட்டு எழுதினார். ஆள் பெயர் கிடையாது, கதவு எண்தான். "பி 14, மாதவரம், தண்ணி டேங்க் பின்னாடி, பச்சை கேட்." துணி பாக்கி வசூலிக்கத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

கட்டடத்தை இடித்துத் தகரம் அடைத்த பிறகும் அவர் வண்டியை நகர்த்தவில்லை. துணி போட ஆளே இல்லாத இடத்தில் யாருக்குத் தேய்த்தாரோ. கேட்டதற்கு, "யாராவது தேடி வந்தா பதில் சொல்ல ஆள் வேணாமா?" என்றார். தேடி வந்தது பாதி நாள் தபால்காரர்தான். பேங்க் கடிதம், பையனின் வேலைக்கான அழைப்பு எல்லாம் அந்த வண்டியின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருந்தன.

சி பிளாக் ஆயா கொடுங்கையூரில் வாடகை வீட்டில் இறந்தபோது, அண்ணா அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. யாரோ பெரிய அரசியல்வாதி வீட்டுச் சாவு என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்களாம். பெரிய ஆள்தான், ஐம்பது வருஷம் எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இட்லி ஊற்றியவர்.

அண்ணாவுக்கு இங்கே வீடு கிடையாது. அவர் வெளியிலிருந்து வந்து போகிறவர், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். புது வாசலில் வண்டி நின்றால் அழகு கெடும் என்று நம்மில் சிலரே பேச ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் முதல் ஆளாக எழுந்து பேசுவேன். படிக்கட்டு ஓரத்தில் இடம் இருக்கிறது, அளந்தே பார்த்துவிட்டேன்.

அண்ணா, பால் காய்ச்சும் அன்று கட்ட அம்மாவின் பட்டுப்புடவையை நாளைக் காலையில் கொண்டுவருகிறேன். இந்தத் தடவையாவது காசு வாங்கிக்கொள்ளுங்கள்.