வாடிக்கையாளர்களுக்கு: சுற்றிவரும் அந்த இரண்டு சீட்டுகள் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையின் பில் சீட்டு இரண்டு வண்ணாரப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் 190 ரூபாய், இன்னொன்றில் 160. "ரெண்டு பேரும் வாங்கினது அஞ்சு சாமான்தான், ஆளைப் பார்த்து விலை போடுறாங்க" என்று கீழே எழுதியிருக்கிறது. விலை ஜாஸ்தி என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். ஆளைப் பார்த்து விலை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க வருகிறவருக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே ஒரே விலைதான்.

முதலாமவர் வாங்கியது 3 லாங் சைஸ் நோட்டு, 2 ஜெல் பேனா. அடுத்தவர் 2 நோட்டு, 3 பேனா. பில் போடும் தம்பி வேலையை விட்டுப் போனதிலிருந்து கையால்தான் எழுதித் தருகிறோம். அதனால் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது.

ஒரு சீட்டை வைத்துக்கொண்டு விலையைச் சொல்லிவிட முடியாது. நோட்டு 60, பேனா 5 என்றாலும் 190 வரும். ஆனால் அந்த விலைக்கு இரண்டாவது சீட்டு 135 தான் ஆகும். தெரியாத விலை இரண்டு என்றால் சீட்டும் இரண்டு வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும். நோட்டு எக்ஸ், பேனா ஒய் என்று வையுங்கள்.

3எக்ஸ் + 2ஒய் = 190
2எக்ஸ் + 3ஒய் = 160

இரண்டையும் கூட்டினால் 5 நோட்டும் 5 பேனாவும் 350. அப்படியென்றால் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் சேர்ந்து 70. மேலே இருப்பதில் கீழே இருப்பதைக் கழித்தால், பேனாவை விட நோட்டு 30 ரூபாய் அதிகம். ஆக நோட்டு 50, பேனா 20. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 150 + 40, 100 + 60. இரண்டு சீட்டும் சரி. முதலாமவர் ஒரு பேனாவுக்குப் பதில் ஒரு நோட்டு அதிகம் எடுத்தார், அந்த 30 ரூபாய் அதுதான்.

எங்களைக் கேட்காமலே குழுவில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய டீச்சருக்கும், "அந்தக் கடையில அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் மனசார நன்றி. அப்பா வாங்கிய கடையிலேயே பிள்ளைக்கும் வாங்குகிற குடும்பங்கள் நீங்கள். உங்களால்தான் கடை நடக்கிறது.

இனி சீட்டில் ஒவ்வொரு சாமானின் விலையும் தனியாக இருக்கும். நாங்கள் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் ஆண்டர்சன் தெருவில் விலை ஏறியிருப்பதால் திங்கட்கிழமை முதல் லாங் சைஸ் நோட்டு 55 ரூபாய்.

பழைய சீட்டில் சந்தேகம் இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை