அனுப்புநர் முகவரி இல்லாத இரும்புத் துண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஆயுதக் கண்காட்சி ஒன்றில் கோட்டும் டையும் அணிந்த நாலைந்து பேர் ஏவுகணை ஒன்றைச் சுற்றி நின்று, கலியாண வீட்டில் மாப்பிள்ளையோடு படம் எடுப்பவர்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று செய்தியின் அடியில் ஒரேயொரு வரி. அந்த ஒரு வரிக்காரர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற உப தபாலதிபர். என் மனைவியின் ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் விமானப்படையின் கிபிர் போர் விமானம் வந்து குண்டு போட்டபோது அவளின் சொந்தக்காரர்கள் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று ஒன்பது வருடம் அலைந்த பிறகுதான் காணியை மறுபடி கண்டார்கள். மச்சான் தன் வளவைத் துப்புரவாக்கிக் கிணறு இறைத்தபோது சேற்றோடு ஒரு இரும்புத் துண்டு மேலே வந்தது. உள்ளங்கையளவு. ஒரு ஓரம் கத்தி மாதிரி. மற்ற ஓரம் துருப்பிடித்து அப்பளம் போல உதிர்கிறது. சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பார்த்தோம். நடுவில் நாலு இலக்கமும் இரண்டு ஆங்கில எழுத்தும் தெரிந்தன.

அது கிபிர் போட்டதா, தூரத்திலிருந்து அடித்த ஷெல்லா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இலக்கத்தைக் கண்டதும் பழைய தொழில் புத்தி விடவில்லை. பதிவுத்தபாலில் இலக்கம் ஒட்டுவது எதற்கு? எந்தக் கந்தோரில் ஒப்படைத்தார்கள், எந்தக் கைகளுக்கு மாறியது, கடைசியில் யார் கையெழுத்து வைத்து எடுத்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு. இந்தத் துண்டுக்கும் அப்படியொரு வழி இருந்திருக்கும். எங்கோ ஒரு தொழிற்சாலை, ஒரு விலைப்பட்டியல், ஒரு தேத்தண்ணி உபசாரம். கிபிர் இஸ்ரேலிலிருந்து வந்தது, பல்குழல் பீரங்கி செக் நாட்டிலிருந்து வந்தது, மிக் 27 உக்ரேனிலிருந்து வந்தது என்று எங்கள் சனத்துக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதை விற்றவர்களின் முகத்தை மட்டும் யாரும் கண்டதில்லை. அந்த முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுகிற இடம்தான் இந்தக் கண்காட்சிகள்.

லண்டனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் டி.எஸ்.இ.ஐ. உலகத்தின் பெரிய ஆயுதச் சந்தைகளில் ஒன்று. எக்செல் மண்டபத்தில் அது முதன்முதல் திறந்த நாள் 2001 செப்டெம்பர் 11. நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த செய்தி வந்த பிறகும் சந்தையை மூடவில்லை. அந்த மண்டபம் இருப்பது நியூஹாம் பகுதியில். நம்மவர்கள் கடையும் கோயிலுமாக இருக்கும் ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம்தான். என் அக்காவின் மகன் அங்கேதான் இருக்கிறான். இரும்புத் துண்டின் கதையைச் சொன்ன அன்று போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “மாமா, நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தாலதான் வேலைக்குப் போறன். உள்ளுக்கு என்ன விக்கிறாங்களெண்டு ஒருநாளும் யோசிச்சதில்ல” என்றான்.

அடுத்த முறை சந்தை தொடங்குவதற்கு முதல் வாரம், லொறிகள் தளபாடங்களை இறக்குகிற நாட்களில், அவன் போய்ப் பார்த்தான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் தெருவிலேயே வட்டமாக உட்கார்ந்து வாய் திறக்காமல் பிரார்த்தனை செய்தார்களாம். கோஷமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மடக்குக் கதிரையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு வந்திருந்தாராம். பொலிஸ்காரர் குனிந்து அவருடன் மரியாதையாகக் கதைத்தது அவனுக்குப் பெரிய புதினம். எனக்கும்தான்.

அப்படி 2017இல் அந்த மண்டபத்துக்குப் போகும் பாதையில் நாலு பேர் படுத்துக் கைகளைப் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பாதை மறிபட்டது. வழக்கு நாலு வருடம் இழுபட்டு, 2021 ஜூனில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்ற முதல் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. 2011இல் அதே சந்தையில் தடைசெய்யப்பட்ட கொத்துக்குண்டுகளுக்கான விளம்பரப் பிரசுரத்தைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர் கரோலின் லூகாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிதங்களின் கதை. இந்தச் சந்தையை ஒருகாலத்தில் நடத்தியது ரீட் எல்செவியர் என்ற கம்பனி. ‘லான்செட்’ மருத்துவ இதழை வெளியிடுவதும் அதே கம்பனிதான்! ஒரு கை காயத்துக்கு மருந்து எழுத, மறு கை காயத்தை விற்றது. 2005இல் மருத்துவர்கள் அந்த இதழுக்கே கடிதம் எழுதினார்கள். இதழின் ஆசிரியர்களும் தங்கள் முதலாளிக்கு எதிராகவே எழுதினார்கள். பேராசிரியர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2007இல் கம்பனி ஆயுதக் கண்காட்சித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. சந்தை நின்றுவிடவில்லை, வேறொரு கம்பனி வாங்கி நடத்துகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கடிதத்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. கனடாவின் ஒட்டாவா நகரசபையும் சனத்தின் எதிர்ப்பைப் பார்த்து, நகரசபைக்குச் சொந்தமான இடங்களில் ஆயுதக் கண்காட்சி கூடாது என்று 1989இல் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் இருபது வருடம் தாக்குப்பிடித்தது.

சரி, லண்டனில் நடப்பதற்குத் திருகோணமலையில் இருக்கிற கிழவன் ஏன் துள்ளுகிறான் என்று கேட்கலாம். என் பேரன் ஏழாம் தரம். போன வருடம் பாடசாலையில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை, அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. வந்தவன் போனை நீட்டினான். மூன்று காலில் நிற்கும் ஒரு இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கிறான். படத்தின் ஓரத்தில் சீருடை போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. அவன் முழங்கையைச் சரியாகப் பிடித்துவிடுகிற கை. அந்தக் கை மிகவும் பொறுமையாக, நல்ல வாத்தியாரின் கை மாதிரி இருந்தது. “அம்மப்பா, இது ஒரு நிமிசத்துக்கு எத்தன குண்டு அடிக்கும் தெரியுமா?” என்று கேட்டான்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த அவன் தாய் ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்கும் அவன் வயதுதான் இருக்கும், வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று ஆள் சேர்க்க வந்தபோது. வந்தவர்கள் எங்கள் மொழி பேசியவர்கள்தான். இரவோடிரவாக அவளைக் கொழும்புக்கு அனுப்பி, மாதக்கணக்கில் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருந்தோம். எனவே துவக்கு யார் கையில் இருந்தால் நல்லது என்ற விவாதத்துக்கு என்னை யாரும் இழுக்க வேண்டாம்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் 2018இல் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் 2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் ஆயுத வர்த்தக உடன்படிக்கை 154 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியபோது, ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று ஒதுங்கிய 23 நாடுகளில் நாங்களும் ஒன்று. விற்பவனுக்கு ஒரு கடிவாளம் போடும் உடன்படிக்கை அது. ஆயுதம் செய்து விற்கும் நாடுகள் தயங்குவது விளங்குகிறது. எங்களுக்கு என்ன தயக்கம்?

நான் ஊர்வலம் போகச் சொல்லவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், வருடாவருடம் விளக்கேற்றுகிறவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பத்துப் பேர் ஒன்றாக நின்றால் எத்தனை போன்கள் படம் எடுக்கும் என்று. அதனால் என் யோசனை சின்னது. சம்பூர், மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கங்களில் பல வீடுகளில் இப்படித் துண்டுகள் கிடக்கின்றன. சிலர் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்தோ இலக்கமோ தெரிந்தால் படம் எடுத்து, எந்த ஊர், எந்த வருடம் என்று இரண்டு வரி எழுதி உங்கள் பத்திரிகைக்கு அனுப்பட்டும். நீங்கள் அரைப் பக்கம் ஒதுக்கிப் போடுங்கள். (வெடிக்காமல் கிடப்பதை யாரும் தொடவே வேண்டாம், அது கண்ணிவெடி அகற்றுபவர்களின் வேலை.) அடுத்த சந்தைக்கு வாசலில் நிற்கும் அந்த அம்மாவின் கையில் கொடுக்க மருமகனுக்கு அந்தப் பக்கங்களை அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

எங்கள் துண்டின் படத்தை நான் ஏற்கெனவே அந்தச் சந்தையை நடத்தும் கம்பனிக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை முன்பு என்னிடம் வேலை பழகியவள். “உள்ளுக்கு என்ன ஐயா?” என்று கேட்டாள். திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அவள் ஒன்றும் விளங்காமல் முத்திரை குத்தினாள். ரசீது லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
உவர்மலை, திருகோணமலை.