ஐரிஸ் விதைகளும் முளைக்கும் காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பைக்கற்றில் எழுதியுள்ள நாளுக்குள் முளைக்காத விதையை வீட்டுத்தோட்டக்காரர் பலர் கிண்டி எறிந்துவிடுகின்றனர். நானும் அத்தவற்றைச் செய்தவன்.

இலண்டனிலிருந்து மகள் கொண்டுவந்த, ஐரிஸ் என்னும் பூச்செடியின் 20 விதைகளில் பாதியை நேரே சாடியில் ஊன்றினேன். ஆறு வாரமாகியும் அசைவில்லாததால் மண்ணோடு கொட்டிவிட்டேன். அவ்விதையினுள் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பதும், ஈரத்தோடு கூடிய குளிரில் இரண்டு மூன்று மாதங்கள் கிடந்த பின்னரே பல இனங்களில் அத்தடை தளர்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. மட்டக்களப்பில் மார்கழி மழையிலும் அத்தகைய குளிருக்கு வழியேது? எஞ்சிய பத்தையும் ஈரமணலோடு சிறு போத்தலில் இட்டு, மனைவியின் முணுமுணுப்புக்கிடையே, பிரிட்ஜில் மீன்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் பத்து வாரம் வைத்தேன். எடுத்து நட்ட பன்னிரண்டாம் நாள் ஊசிமுனைபோல் மூன்று முளைகள். ஐந்து வாரம் கழித்து இன்னொன்று. மற்றவை இன்னும் மண்ணுக்குள். ஒரே காயின் விதைகள்கூட ஆண்டு தள்ளி முளைப்பதுண்டு. ஒரு பருவம் பொய்த்தாலும் வம்சம் அற்றுப்போகாதிருக்க அதுவே காப்பு.

நமது குளத்துத் தாமரைக்கோ குளிர் வேண்டாம். விதையின் கல்போன்ற மேலோட்டை அரத்தால் தேய்த்து நீரில் இட்டால் சில நாட்களில் முளைக்கும். சீனாவின் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதையொன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுகளின் பின்னும் முளைத்திருக்கிறது.

ஆகவே விதை விற்போர் ஒற்றை நாளை அச்சிடாமல், முந்தி முளைப்பதற்கும் பிந்தி முளைப்பதற்கும் உரிய இரு காலங்களையும், ஊன்றுமுன் செய்யவேண்டியதையும் பைக்கற்றில் குறிப்பிட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.