அண்ணாக்கு, பெட்டிட நாலாவது பக்கத்த பற்றி

அண்ணா,

வாற வெள்ளிக்கிழம அம்மாட வருஷத் திதி. நீங்க வரமாட்டீங்க, லீவு இல்லயாம் எண்டு மாமி சொன்னா. சரி. வாட்ஸ்அப்ல எழுதினா நீல டிக் விழும், பதில் வராது, அதால என்ட பேஜ்லயே எழுதுறேன், எப்பிடியும் நீங்க இங்க வந்து பாக்கிறீங்க தானே, ஸ்டோரி பாத்தவங்கட லிஸ்ட்ல உங்கட பேர் விழுது. (என்ட கஸ்டமர்ஸும் படிப்பாங்க, அண்ணியும் படிப்பா. அதால சில இடம் அரைகுறையா இருக்கும், உங்களுக்கு விளங்கும்.)

அப்பாட தேயிலைப் பெட்டிய நான் விக்கல. அத முதல்ல சொல்லிடுறேன். போன கிழம ஒரு கபேகாரர் வந்து 35,000 தாறேன் எண்டு நிண்டார். ரெண்டு நாள் யோசிச்சேன், பொய் சொல்லல. பிறகு இல்ல எண்டு சொல்லிட்டேன்.

பெட்டிக்கு வெள்ள அடிச்சு நான் போட்ட போட்டோக்குக் கீழ 2020ல நீங்க போட்ட கொமெண்ட் இன்னும் இருக்கு. மூணே சொல்லு. "அப்பாட கைய அழிச்சிட்டாய்." அதுக்கு அடுத்த கொமெண்ட் யாரோ ஒரு ஆள், "வாவ், விலை என்ன?" எண்டு. அண்டைக்கு அழுதுகொண்டே சிரிச்சேன். அதுக்குப் பிறகு நீங்க என்னோட ஒழுங்கா கதைக்கல, அம்மாட செத்த வீட்டுல கூட "சாப்பிட்டியா"வோட சரி.

அப்பா பெட்டில போட்ட எழுத்த அழிச்சது பிழைதான். எமல்ஷன்ல பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கலந்து, மூலைக்கு மெழுகுதிரி தேச்சு, ரெண்டு கோட் வெள்ள அடிச்சு, காய்ஞ்ச பிறகு சாண்ட் பேப்பர் போட்டு மூலைய மட்டும் உரிச்சு, நடுவுல ரோசாப்பூ ஸ்டென்சில், அதுக்குக் கீழ பிரெஞ்சுல ஏதோ எழுத்து. எனக்கே வாசிக்கத் தெரியாது அது என்ன எண்டு. கொழும்பு கொட்டாஞ்சேனைல இருந்துகொண்டு பாரிஸ் பெட்டி செஞ்சிருக்கேன். இப்ப வாற கஸ்டமர்ஸ் என்ன கேக்கிறாங்க தெரியுமா, பழைய தேயிலைப் பெட்டி எழுத்து மாதிரி ஒண்டு போட்டுத் தாங்களேன், கிரேடு, இன்வாய்ஸ் நம்பர், நெட் நிறை எல்லாம் இருக்கணும் எண்டு. அந்த எழுத்து மேலதான் நான் ரோசாப்பூ அடிச்சிருக்கேன்.

ஆனா அந்த மாசம் வீடு எப்பிடி இருந்திச்சு எண்டு நீங்க கேக்கல. மார்ச் 20ல இருந்து ஊரடங்கு, இவருக்கு வேல நிண்டுட்டு, அம்மாட குளுசை நிக்காது தானே. வீட்டுல இருந்த மரம் எல்லாத்துக்கும் அடிச்சேன். உடைஞ்ச ஜன்னல் கதவு கண்ணாடிச் சட்டமாச்சு, தையல் மெசின் கால் மேசையாச்சு, கடைசில பெட்டி. நீங்க காசு அனுப்பினீங்க, இல்லேன்னு சொல்ல வரல. ஒவ்வொரு மாசமும் அனுப்பினீங்க. அது வேற, இது வேற.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமதான் திரும்பத் திரும்ப வருது. 1981. உங்களுக்கு பன்னெண்டு, எனக்கு எட்டு. ஈராக்குல பஸ்ராக்குப் போக வேண்டிய தேயிலைப் பெட்டி, அப்பா எழுத்து அடிச்சு முடிஞ்ச பிறகு அங்க ஈரானோட சண்ட எண்டு நிண்டுபோனதுல ஒண்டத்தான் அப்பா வேல செஞ்ச கிராண்ட்பாஸ் தேயிலை ஸ்டோர்ல இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். தகரப் பட்டி அடிச்ச விளிம்பு, உள்ளுக்கு வெள்ளித்தாள், மூக்க வச்சா தேயிலை வாசம். அண்டைக்கு அப்பா முன்வாசல்ல பேப்பர் விரிச்சு உங்கட ஸ்கூல் பெட்டில உங்கட பேர் போட்டார், இங்கிலீசுல, எழுத்து வெட்டின தகட்ட வச்சு அதுக்கு மேல மை அடிச்சு. எனக்கும் வேணும் எண்டு நான் கத்தினேன். தமிழ்ல வேணும் எண்டு வேற. அப்பாட்ட தமிழ்த் தகடு ஏது, பைல் மட்டை ஒண்ட எடுத்து "மணி" எண்டு கீறி பிளேட்டால வெட்டினார்.

வெட்டினதும் எழுத்துட வயிறெல்லாம் கழண்டு விழுந்துட்டு. இங்கிலீசு 'ஏ'க்கும் 'பி'க்கும் வயிறு கழண்டு விழாம பிடிக்கிற பாலம் எங்க விடணும் எண்டு அப்பாக்கு கண்ண மூடிக்கொண்டே தெரியும், தமிழ் சுழிக்கு அவர் யோசிக்கவே இல்ல. 'ம'ட வயிறு ஒண்டு, 'ண'ட சுழி ரெண்டு, மூணு சின்னத் துண்டு பேப்பர்ல கிடந்திச்சு. நீங்க சிரிச்சீங்க, நான் அழத் தொடங்கினதும் நிப்பாட்டிட்டு, அந்த மூணு துண்டையும் பொறுக்கி தேயிலைப் பெட்டிட பக்கத்துல அந்தந்த இடத்துல வச்சு விரலால அமத்திப் பிடிச்சீங்க. அப்பா உங்கட விரலச் சுத்தி பிரஷ் அடிச்சார். மண்ணெண்ணெய் மணக்கிற அந்தக் கறுப்பு மை உங்கட நகத்துல எத்தன நாள் இருந்திச்சு, வாத்தியார் கூட ஏசினார் தானே.

83ல அந்தப் பெட்டிக்குள்ள அம்மா எத வச்சா, எங்க போய்த் திரும்பி வந்திச்சு எண்டதெல்லாம் இங்க எழுத மாட்டேன்.

அப்பா உங்களுக்குத்தான் வேலய காட்டிக் குடுத்தார். தகட்ட எப்பிடிப் பிடிக்கிறது, பிரஷ்ஷ எப்பிடி நேரா நிப்பாட்டிக் குத்துறது, "பிரஷ்ல மை இருக்கிறதே தெரியக்கூடாது" எண்டதெல்லாம் உங்களுக்கு. எனக்கு "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு, கை கறுப்பாகும்". நாப்பது வருஷம் கழிச்சு யூடியூப்ல ஒரு வெள்ளக்காரி அதயே சொன்னா, முக்கின பிரஷ்ஷ டிஷ்யூல ஒத்தி எடுங்க, இல்லாட்டி பெயின்ட் ஸ்டென்சிலுக்குக் கீழ ஓடிரும் எண்டு. பாத்துக்கொண்டிருக்க எனக்குக் கோபம் வந்திச்சு. அவள்ள இல்ல.

தகட்டயும் நீதான் கொண்டு போனாய். 98ல, பத்திரமா வைக்கிறேன் எண்டு, உடுப்புக்கு நடுவுல சுத்தி மெல்பர்னுக்கு. பிறகு கேட்டா "வீடு மாறினப்ப எங்கயோ, கராஜ்ல இருக்கும்". அப்ப அப்பாட கைய துலைச்சது யார்? நான் ஒரு பெட்டிக்கு வெள்ள அடிச்சேன், நீ முழு எழுத்தயும் துலைச்சிட்டு எனக்கு எல்லார் முன்னாலயும் கொமெண்ட் போட்டாய். நீ எண்டு எழுதிட்டேன். இருக்கட்டும், மாத்த மாட்டேன்.

சரி, இப்ப சொல்லுறேன், இவ்வளவு நாள் வீம்புல சொல்லாம இருந்தத. நான் மூணு பக்கம்தான் அடிச்சேன். சுவர்ப் பக்கம் அப்பிடியே இருக்கு. பஸ்ரா எண்டு அப்பா இங்கிலீசுல போட்ட அஞ்சு எழுத்து, அதுக்குக் கீழ கோணலா "மணி", சுழிக்குள்ள உங்கட விரல் பட்டுத் தேஞ்ச கறை. அதுல பிரஷ் வைக்க கை வரல. நீங்க ஒருக்கா போன் எடுத்துக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல, நானும் சொல்லல, அம்மாக்கு மட்டும் தெரியும்.

இப்ப அந்த அஞ்சு எழுத்தயும் திரும்ப வெட்டுறேன். விக்க இல்ல, எனக்கு. ஸ்டென்சிலுக்கு எக்ஸ்ரே பிலிம்தான் நல்லம், மட்டை மாதிரி ஊறாது, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். எப்பவும் ப்ளீச்ல ஊறப்போட்டு அந்தக் கறுப்பக் கழட்டிட்டுத்தான் வெட்டுவேன். அலுமாரில மிச்சம் இருந்தது அம்மா விழுந்தப்ப எடுத்த இடுப்பு எக்ஸ்ரே ஒண்டுதான். வாளில ப்ளீச் ஊத்தி வச்சிட்டு நிண்டுகொண்டே இருந்தேன், பிலிம உள்ள விட முடியல. கடைசில கறுப்போடயே வச்சு வெட்டினேன். கண்ணாடிய கீழ வச்சு லைட்டுக்குப் பிடிச்சா, 'பி'க்குள்ளால அம்மாட எலும்பும் அதுல வச்ச ஆணியும் போகுது. அப்பா 'பி'க்கு பாலத்த நேரா விடாம கொஞ்சம் சரிச்சு விட்டிருக்கார், இவ்வளவு நாளும் நான் பாக்கல.

'பி' முடிஞ்சுது. 'ஏ', 'எஸ்' முடிஞ்சுது. கடைசி 'ஏ'க்கு முதல் 'ஏ'யவே போடலாம். 'ஆர்'ல தான் நிக்கிறேன், அந்த இடத்த கறையான் அரிச்சிட்டு, கால் மட்டும்தான் தெரியுது, மேல ஓட்டை. 'பி' மாதிரி சரிவா வருமா, இல்ல நேரா வருமா? உங்கட ஸ்கூல் பெட்டிப் பேர்ல ரெண்டு 'ஆர்' இருந்திச்சு. ஞாபகம் இருந்தா ஒரு கடதாசில கீறி போட்டோ எடுத்து அனுப்புங்க. வேற ஒண்டும் எழுத வேணாம்.

மணி