மர்மக்கதை எழுதுகிறவர்களுக்கும் வெளியிடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து உங்கள் வாசகி நான். எந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும், அதனால் பெயர் சொல்லவில்லை. நோய்நொடி இல்லாத வாலிபன் ஒருவன் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கிறான், காலையில் எழவில்லை. அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கொன்றுவிட்டது என்கிறது ஊர். பெண்டாட்டி எதையோ கலந்து கொடுத்திருக்கிறாள் என்கிறது போலீஸ். வாரக்கணக்கில் இரண்டுக்கும் நடுவே எங்களை இழுத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் பிணவறை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “ஒன்றும் கிடைக்கவில்லை, மருத்துவம் தோற்ற இடம் இது” என்கிறார். முற்றும்.

என் தம்பி போனதும் இப்படித்தான். வயது 31.

அன்றைக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவன் முனகியிருக்கிறான். “கெட்ட கனவு போலன்னு நெனச்சு முதுகுல தட்டிக் குடுத்தேன் அக்கா. சத்தம் நின்னுடுச்சு. தூங்கிட்டாருன்னு நானும் படுத்துட்டேன்” என்றாள் அவன் மனைவி. சொல்லும்போது தலையணையை மடியில் வைத்து, எப்படித் தட்டினாள் என்று காட்டினாள். மெதுவாக, குழந்தையைத் தட்டுவது மாதிரி. எத்தனையோ தடவை காட்டிவிட்டாள், இன்னும் காட்டுகிறாள்.

பிரேதப் பரிசோதனையில் இதயம் சரி, மூளை சரி, ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. ரசாயனப் பரிசோதனை அறிக்கை வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமல் அப்படியே தரையில் வைத்தார்கள். அவர்கள் போன பிறகு நிறைந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் அவளே கொட்டுவாள். விஷம் இல்லை என்று அறிக்கை வந்தது. அப்படியானால் பேய்தான் என்றார்கள். அவள் ராசி என்றும் சொன்னார்கள்.

எங்களைக் காப்பாற்றியது பாட்டி சொல்லிக்கொண்டிருந்த ஒரு வார்த்தை. “நம்ம வம்சத்துல ஆம்பளைங்க தூக்கத்துலயே போயிடுவாங்க, அது ஒரு சாபம்” என்பாள். தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். என் சித்தப்பாவும் அப்படித்தான். அண்ணனுக்கு இரண்டு தடவை மயக்கம் வந்ததைக் காட்ட ஓர் இதய மருத்துவரிடம் போயிருந்தபோது இதை நான் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். வழக்கமான ஈசிஜியில் சந்தேகமாகத்தான் தெரிந்தது. மின்முனைகளை விலா எலும்பில் ஓர் இடைவெளி மேலே ஒட்டி மறுபடி எடுத்தார்கள். பிடிபட்டுவிட்டது. துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவி அண்ணன் நெஞ்சில் இப்போது இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார்.

அதன் பெயர் புருகாடா நோய்க்குறி. பெட்ரோ, ஜோசப் புருகாடா என்ற சகோதர மருத்துவர்கள் 1992-ல் எட்டு நோயாளிகளை வைத்து இதை விவரித்தார்கள். இதயத் தசைக்குள் சோடியம் நுழையும் வாயிலில் கோளாறு வந்து, இதயத்தின் மின்னோட்டம் குலைந்துவிடும். எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1998-ல் தெரியவந்தது. பெரும்பாலும் ஆண்களை, பெரும்பாலும் ஓய்விலோ தூக்கத்திலோ தாக்கும். காய்ச்சல் தூண்டிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது மின்கோளாறு, அதனால் இதயத்தை அறுத்துப் பார்த்தால் வழக்கமாக ஒன்றும் தெரியாது. உங்கள் மருத்துவர் தோற்றதாகச் சொன்ன அந்த ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ ஒரு துப்பு. சின்ன வயது, தூக்கத்தில் மரணம், உடலில் காயமில்லை, விஷமில்லை, இதயம் பார்வைக்குச் சுத்தம் என்றால் விவரம் தெரிந்த மருத்துவர் அடுத்து இரண்டு காரியம் செய்வார். மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைப்பார். கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஈசிஜி எடுக்க அனுப்புவார். கதை அங்கே முடிய நியாயமே இல்லை.

நாட்டார் நம்பிக்கையைத் தூக்கியெறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டி சொன்னதில் ஆண்கள், தூக்கம், ஒரே வம்சம் என்று மூன்று துப்பும் இருந்தன. பிலிப்பைன்ஸில் இதே சாவுக்கு ‘பாங்குங்கொட்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் முனகல் இருக்கிறது என்கிறார்கள். தாய்லாந்தில் விதவைப் பேய் ஆண்களைத் தேடி வருகிறது என்று பயந்து, ஆண்கள் உதட்டுச்சாயம் பூசிப் பெண்களைப் போலப் படுத்த கிராமங்கள் உண்டு. சாகிறது ஆண்கள்தான் என்பதை ஊர் கவனித்திருக்கிறது, காரணத்தைத்தான் தவறவிட்டது. லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன ஹமாங் இன ஆண்கள் 1977 தொடங்கி இப்படித் தூக்கத்தில் செத்தபோது, நெஞ்சில் ஏறி அமுக்கும் ஆவி என்றுதான் அவர்களும் சொன்னார்கள். தூங்கவே பயந்தவர்கள் இருந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளிலிருந்து 1984-ல் புகழ்பெற்ற பேய்ப்படம் ஒன்று பிறந்தது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஒரு பாட்டியின் பேச்சிலிருந்து ஈசிஜி தாள் வரைக்கும் துப்பு நீளும் கதையை நீங்கள் எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

இன்னொரு தவறும் அந்தத் தொடரில் உண்டு. விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பது தூக்க முடக்கம். கனவுத் தூக்கத்தில் தசைகள் கட்டுண்டிருக்கும்போதே நினைவு திரும்பிவிடுவதால் வருவது. பயமாக இருக்கும், உயிரை எடுக்காது. அதையும் சாவையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். அந்த முடக்கம் அடிக்கடி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எப்படிக் கண்ணை மூடுவார்கள்?

இந்த ஒரு தொடரோடு போகிற விஷயமாகவும் இல்லை. வலிப்பு வந்தவரைக் கொலைகாரராக்குவது, வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் போர்ஃபிரியா நோயாளியை ரத்தக் காட்டேரியாக்குவது, மனநோயாளியைப் பேயாக்குவது என்று எத்தனை வருஷமாகப் படிக்கிறோம். 1892-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் செத்தாள். அவள் அண்ணன் எட்வினுக்கும் அதே நோய். செத்தவள்தான் அவன் உயிரை உறிஞ்சுகிறாள் என்று மார்ச் மாதம் அவள் உடலை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் கிடந்த உடல் கெட்டுப்போகாமல் இருந்ததே சாட்சியாகிவிட்டது. நுரையீரலில் காசநோய் தெரிகிறது என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போனான். கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே மருத்துவம் தோற்கவில்லை. சொன்னதைக் கேட்க ஆளில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது இதுதான். ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற இடத்தில் கதையை முடிக்காதீர்கள். சாவுக்குக் காரணம் எழுதும் அத்தியாயத்தை, அச்சுக்குப் போகும் முன் தடயவியல் மருத்துவம் படித்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களே, காட்டினீர்களா என்று நீங்கள் கேளுங்கள். பேயை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பயமுறுத்தலாம், கடைசி வரைக்கும் சந்தேகத்திலேயே வைத்திருக்கலாம். அந்தப் பெண்டாட்டியை மட்டும் விஷத்துக்கும் பேய்க்கும் நடுவே நிறுத்திவிட்டு ‘முற்றும்’ போடாதீர்கள்.

தொடர் புத்தகமாக வருகிறது என்று விளம்பரம் பார்த்தேன். கதையில் செத்தவனுக்கு ஒரு பையன் இருக்கிறான், மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறான், பிறகு அவனை நீங்கள் மறந்துவிட்டீர்கள். என் தம்பி மகனுக்கு ஏழு வயது. காய்ச்சல் அடித்தால் உடனே மருந்து கொடுத்து, விடிய விடிய விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் அவன் அம்மா. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பையனுக்கு ஓர் ஈசிஜி எடுக்கச் சொல்லி, தயவுசெய்து, அந்த மருத்துவரை ஒரு வரி பேச வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி